தண்ணீர் ஓடும் வழியைக் காட்டாத வரைபடம் யாருக்கு?
(கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் கான்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோவின் கிழக்குப் பகுதி என்று விரிந்து கிடக்கிற மேட்டுச் சமவெளி ஒன்று இருக்கிறது. மைல் கணக்கில் போனாத்தான் ஒரு வீடு. பார்வைக்குத் தட்டையாத் தெரியும். ஆனா கான்சாஸின் மேற்கு ஓரம் 4,000 அடி உயரம். தென்கிழக்கு மூலை 700 அடிக்கும் கீழே!

அந்த மண்ணை எப்படி அளந்தாங்க? 1785 சட்டப்படி 640 ஏக்கருக்கு ஒரு சதுரக் கட்டம். 1862-ல் குடும்பத்துக்கு 160 ஏக்கர். மேடு எது, பள்ளம் எதுன்னு அந்தக் கட்டம் பார்க்கவில்லை.

ஜான் வெஸ்லி பவல் என்பவர் 1878-ல் எச்சரித்தார். மேற்கே போகப் போக மழை ஆண்டுக்கு 20 அங்குலம்கூடத் தேறாது, தண்ணீரைப் பார்த்து நிலத்தைப் பிரியுங்க என்றார். பிறகு புவியியல் அளவைத் துறைத் தலைவராகி, நாடு முழுக்கச் சமஉயரக்கோட்டு வரைபடம் போடும் வேலையைத் தொடங்கினார். 1888-ல் பாசன அளவையும் ஆரம்பமானது. 1890-ல் நாடாளுமன்றம் அதுக்குப் பணத்தை நிறுத்திவிட்டது.

நடந்தது என்ன? புல்தரையை உழுது கோதுமை போட்டார்கள். 1930-களில் வறட்சி வந்தது, மேல்மண் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று புழுதியில் பகலே இருண்டது. அந்த ஆண்டுதான் மண்பாதுகாப்புத் துறை வந்து, சரிவுக்குக் குறுக்கே சமஉயரக்கோட்டை ஒட்டி உழச் சொன்னது. பட்ட பிறகு வந்த புத்தி!

தோழர்களே, சமஉயரக்கோடு பெரிய வித்தை இல்லை. ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கிற கோடு. கோடுகள் நெருங்கினா சரிவு அதிகம், விலகினா சமம். நம்ம கையில் உள்ள புலப்படம் எல்லையைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. சாலை, குழாய், கால்வாய்னு எல்லைப் படத்தை மட்டும் நீட்டினா கையெழுத்துப் போடாதீங்க. சமஉயரக்கோட்டுப் படத்தை கிராமசபையில் விரிக்கச் சொல்லுங்க. மழைத்தண்ணி எந்த ஓடையில் இறங்கும், எந்த ஏரிக்குப் போகும்னு உங்களுக்குத்தான் தெரியும். அதை அந்தப் படத்தில் குறிக்க வையுங்க.

நிலம் நம்முடையது. அதன் படத்தையும் நாம பார்த்தாகணும். ஒன்றுபட்டுக் கேட்போம்!