வறட்சிக் காலத்திற் பழமரங்களைப் பாதுகாத்தல்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நாம் பேசப் புகுந்தது தத்துவ விசாரமன்று, தோட்டத்து விஷயம். ஆயினும் நம்மவரிற் பலர்க்கு அரை ஏக்கர் எலுமிச்சையும் ஓர் ஏக்கர் மாந்தோப்புமே பெண்ணின் கலியாணத்திற்கும் பிள்ளையின் படிப்பிற்கும் ஆதாரமாயிருத்தலின், இதனை அற்பமென்று தள்ளுதல் தகாது. நெல் கருகினால் ஒரு போகம் போயிற்று, மறுபடி விதைக்கலாம். மா கருகினாலோ, கன்று நட்ட நாள்முதல் கழிந்த வருஷங்களெல்லாம் அதனோடு போயின. தென்னையின் கதை இன்னும் வேறு. வறட்சியின் அடி குருத்துக்குள் உருவாகிவரும் பாளைகளையும் தாக்குவதால், மழை பெய்து ஓலை பசுமையான பின்னரும் இரண்டு மூன்று வருஷங்கள் காய்ப்புக் குறைந்தே நிற்கும்.

2016-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிற்குச் சராசரியாக வரவேண்டிய 440 மில்லிமீட்டர் மழையில், 168 மில்லிமீட்டரே அவ்வருஷம் கிடைத்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டன. அத்தகைய வருஷம் இனி வாராதென்று சொல்வாரில்லை.

நீர் குறைந்தவிடத்து நாம் செய்யும் முதற் பிழை, இருக்கும் நீரை மரத்தின் தூரிலே கொட்டுவது. வளர்ந்த மரத்தின் நீருண்ணும் வேர்கள் தூரடியில் இல்லை. கிளைகளின் நிழல் உச்சிவேளையில் எவ்விடத்தில் முடிகிறதோ, அவ்வோரத்திலேயே மிகுதியாக உள்ளன. ஆகலின் பாத்தியை அங்கே வெட்டி அங்கே நீர் விடுதல் வேண்டும். நாள்தோறும் மேலாக நனைப்பதினும், பத்து நாட்களுக்கொருமுறை ஆழ ஊறும்படி விடுவதே நலம். மேல்மண் மாத்திரம் நனைந்தால் வேரும் மேலே வந்து வெயிலிற் காயும். வறட்சியில் ஆழமாகக் கொத்துதலும் கூடாது. களையை அறுத்து அங்கேயே போட்டுவிடலாம்.

சொட்டுக் குழாய் போட வசதியற்றோர்க்குப் பானையே போதும். சுடுமண் பானையின் அடியில் சிறு துளையிட்டுத் திரியைச் செருகி, கன்றருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சிறிதுசிறிதாக வேருக்கே செல்லும். துணி அலசிய நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் மரத்திற்கு விடலாம். ஆனால் சோப்புத்தூள் கரைந்த முதல் நீரை விடலாகாது. இந்தச் சிக்கனத்தில் நம் வீட்டுப் பெண்மணிகள் நமக்கு முன்னரே கைதேர்ந்தவர்கள். தோட்டத்து ஆண்கள்தாம் கற்கவேண்டும்.

மூடாக்கைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வோம். செலவு குறைந்து பயன் மிகுந்த காரியம் இதனைப்போல் வேறில்லை. காய்ந்த இலை, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு ஆகிய எது கிடைத்தாலும் பாத்தியில் நான்கு விரற்கடைக்குக் குறையாத கனத்தில் பரப்புக. நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்கிற்கு மேல் நீரைப் பிடித்துவைக்கும். தூரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விலக்கிவிடவேண்டும். இல்லையேல் கறையான் ஏறும். வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து போடுவது அதற்கு ஒரு காப்பு. தென்னைக்கு மட்டையே மருந்து: தூரிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி வட்டமாகக் குழி எடுத்து, மட்டைகளின் குழிந்த பக்கம் மேனோக்க அடுக்கி மண் மூடுக. இதனை மழைக்காலத் தொடக்கத்திலேயே செய்துவைத்தல் வேண்டும். சித்திரையில் நினைத்துப் பயனில்லை.

நிற்க. எல்லா மரத்திற்கும் நீர் போதாதென்றால் எதைக் காப்பது? இதுவே கடினமான கேள்வி. காய்த்து நிற்பதற்கே நீர் விடுவது நம்மவர் வழக்கம். அது சரியன்றென்பது நம் கருத்து. மூன்று வயதிற்குட்பட்ட கன்றுகளுக்கும், வேர் ஆழம் செல்லாத எலுமிச்சைக்கும் முதலிடம் தருக. ஆழ வேரோடிய பழைய மா சில மாதம் தாங்கும். இலந்தையும் நெல்லியும் இலையை உதிர்த்துத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். வேலியோரத்துக் களாச்செடிக்கு, நட்ட முதலிரு வருஷம் தவிர, நீர் கேட்கும் வழக்கமேயில்லை. கல்லாங்காட்டிற் புதிதாக நட நினைப்போர் இவற்றையே எண்ணிப் பார்க்கலாம்.

காயைப் பறித்தெறிந்து மரத்தைக் காப்பதும் சில சமயம் அவசியமாகும். பிஞ்சில் பாதியை உதிர்த்தால் மரத்தின் சுமை குறையும். ஆனால் தோப்பைக் குத்தகைக்கு விட்டவர் என்செய்வர்? முன்பணம் கொடுத்த வியாபாரிக்குக் காயே வேண்டும். மரம் அடுத்த வருஷம் பட்டால் அவருக்கு நஷ்டமில்லை. ஆதலின் குத்தகைச் சீட்டு எழுதும்போதே, மழை பொய்த்தால் காயைக் குறைக்கும் உரிமை உடையவனுக்கு உண்டென்றும், அதற்கேற்பத் தொகை குறையுமென்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்க. நூறு லாரி தண்ணீரினும் அவ்வொரு வரி மேலானது.

கடன் வாங்கி ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. நாம் நூறடி இறக்கினால் அண்டைத் தோட்டத்தான் இருநூறடி இறக்குகிறான். இருவரும் வட்டி கட்டுகிறோம், நீரோ இருவருக்குமில்லை. ஆழத்து நீர் பலவிடங்களில் உவர்ப்பாகவும் இருக்கும். சப்போட்டா, மாதுளை, இலந்தை அதனை ஓரளவு பொறுக்கும். எலுமிச்சை பொறாது, இலை நுனி கருகும். பங்காளிகள் நால்வர் கூடி ஒரு லாரி நீரை முறைவைத்துக் கன்றுகளுக்குப் பகிர்ந்து விடுவது, நால்வரும் நான்கு கிணறு தோண்டுவதினும் மேலென்பது எம் துணிபு.

அடிமரத்திற்குச் சுண்ணாம்பு பூசினால் வெயிலிற் பட்டை வெடியாது. காய்ந்த கிளையையும் நோய்ப்பட்ட கிளையையும் நீக்குக. பச்சைக் கிளையைக் கண்டபடி வெட்டலாகாது, அதன் நிழலே தண்டிற்குக் குடை. வறட்சியில் உரமிடுவதை அறவே நிறுத்துக.

கோடை மழை ஒன்று பெய்தாலும் அதனை வீணாக்கலாகாது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். மரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்தில் வட்டவரப்பு இருந்தால், 10 மில்லிமீட்டர் மழையிலேயே ஏறக்குறைய 125 லிட்டர் அங்கு தங்கும். சரிவான நிலத்தில் பள்ளப்பக்கமாகப் பிறைவடிவில் கரை போடுக.

பெருமழை வந்தபின் அவசரப்படவேண்டாம். நெடுநாள் காய்ந்த மாதுளையும் எலுமிச்சையும் திடீரென நீர் கண்டால் பழம் வெடிக்கும். ஆகலின் மழைக்குச் சிலநாள் முன்னதாகவே சிறிதுசிறிதாக நீர் காட்டி வருதல் நலம். இலையுதிர்ந்த மரத்தைப் பட்டதென்று கோடரி எடுப்பவர்கள், முதலில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கட்டும். உள்ளே பச்சை தெரிந்தால் இரண்டு மாதம் விட்டுவைக்கவேண்டும். ஒட்டு மரமாயின், துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.