ஓவியா எந்த டைப்?

பிக் பாஸ்ல ஒருத்தரை எடுத்து அவங்க பர்சனாலிட்டி டைப் என்னன்னு அலசலாம், யாரை எடுக்கலாம்னு போன எபிசோட்ல கேட்டிருந்தேன். வந்த பதில்கள்ல திரும்பத் திரும்ப வந்தது ஒரே பேர்தான். ஓவியா.

ஆச்சரியமே இல்ல. 2017 ஜூன் 25-ஆம் தேதி விஜய் டிவியில முதல் சீசன் ஆரம்பிச்சப்போ நான் காலேஜ்ல இருந்தேன். ஹாஸ்டல் டிவி ரூம்ல இடம் பிடிக்க, சாப்பாட்டுத் தட்டோட ஓடுவோம். 'ஓவியா ஆர்மி'ன்னு ஒண்ணு கிளம்புச்சே, அதுல நானும் சம்பளமில்லாத சிப்பாய்.

சரி, டைப்புக்கு வருவோம். நாம எல்லாரும் ஆன்லைன்ல டெஸ்ட் எடுத்து பயோவில போட்டுக்கிற அந்த நாலு எழுத்து எங்கிருந்து வந்துச்சு? 1921-ல கார்ல் யுங் எழுதின ஒரு புத்தகத்துல இருந்து. அதை 16 வகையா விரிச்சு டெஸ்ட்டா மாத்தினவங்க கேத்தரின் பிரிக்ஸ், அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸ். ரெண்டு பேருமே உளவியல்ல முறையான பயிற்சி பெற்றவங்க இல்ல. இசபெல் அதுக்கு முன்னாடி துப்பறியும் நாவல் எழுதிட்டிருந்தவங்க!

கேட்கிறது நாலே கேள்வி. உங்களுக்குத் தெம்பு கூட்டத்துல கிடைக்குதா, தனிமையிலயா? கண்ணு முன்னாடி இருக்கிறதைப் பார்ப்பீங்களா, அதுக்குப் பின்னாடி இருக்கிற சாத்தியங்களையா? முடிவெடுக்கிறது தர்க்கத்தாலயா, மனசாலயா? திட்டம் போட்டு வாழ்றீங்களா, போற போக்குலயா?

இப்போ ஓவியாவை வைங்க. கடைசி ரெண்டும் சுலபம். மத்தவங்க யாரை நாமினேட் பண்ணலாம்னு கணக்குப் போடும்போது, இவங்க தனக்குத் தப்புன்னு படுறதுல கலந்துக்கவே மாட்டாங்க. அதனால மனசு, போற போக்கு. காலையில பாட்டு போட்டதும் எழுந்து ஆடுவாங்க. அந்த நிமிஷத்துலயே வாழ்ற ஆள். முதல் எழுத்துலதான் சண்டை. ஆடுறாங்க, சிரிக்கிறாங்க, அதனால 'ஈ'ன்னு ஹாஸ்டலே தீர்ப்பு சொல்லுச்சு. ஈ.எஸ்.எஃப்.பி. பார்ட்டியோட உயிர்!

ஆனா இப்போ யோசிச்சா எனக்கு வேற காட்சிகள் ஞாபகம் வருது. கும்பலா உட்கார்ந்து புறணி பேசும்போது எழுந்து போயிடுவாங்க. தோட்டத்துல தனியா உட்கார்ந்திருப்பாங்க. ஆடுறதுகூட யாரோ பார்க்கணும்னு ஆடுற மாதிரி இருக்காது. இன்னைக்குக் கேட்டா ஐ.எஸ்.எஃப்.பி-ன்னு சொல்லுவேன்.

இங்கதான் ஒரு பிரேக் போடணும். நான் பார்த்தது யாரை? ஒரு நாளோட 24 மணி நேரத்தைக் கத்தரிச்சு வெச்ச கொஞ்ச நேரத்தை. எதை வைக்கலாம்னு எடிட்டர் முடிவு பண்ணிட்டார். அதாவது நமக்கு முன்னாடியே அவர் ஓவியாவுக்கு ஒரு டைப் குடுத்துட்டார்.

இன்னொரு விஷயம். 1967-ல ஜோன்ஸ், ஹாரிஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரிச்சும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகளைப் படிக்கக் குடுத்தாங்க. 'எந்தப் பக்கம் எழுதணும்னு இவருக்கு வேற ஒருத்தர் சொல்லிக் குடுத்தது'ன்னு தெளிவா சொன்ன பிறகும், ஆதரிச்சு எழுதினவர் உள்ளுக்குள்ளயும் கொஞ்சம் ஆதரவாளர்தான்னு படிச்சவங்க நினைச்சாங்க. சூழ்நிலையை மறந்துட்டு ஆளை எடை போடுறது நம்ம எல்லாருக்கும் இருக்கிற பழக்கம். போன் இல்ல, வீட்டு ஆளுங்க இல்ல, சுத்தி கேமரா. அந்த வீட்டுல பத்து நாள் என்னைப் பூட்டி வெச்சா, என் நாலு எழுத்தும் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் தொடக்கத்துல ஓவியா மனசு உடைஞ்சு, வீட்டை விட்டு வெளியே வந்தாங்க. அன்னைக்கு டிவி ரூம்ல நாங்க சொன்னது என்ன தெரியுமா? 'இது ஓவியாவே இல்லடி.' அழுறவங்களைப் பார்த்து, நீ நீயே இல்லைன்னு சொல்லியிருக்கோம். எங்களுக்குப் பிடிச்ச ஓவியா சிரிக்கிற ஓவியா. அந்த டப்பாவுக்குள்ள அழுகைக்கு இடமே வைக்கல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அதே தப்பை நேர்லயும் பண்ணியிருக்கேன். சென்னையில என்கூட ரூம்ல இருந்த தோழி. எப்பவும் கலகலன்னு இருப்பா. அவளுக்கும் நான்தான் டெஸ்ட் போட்டு ஈ.எஸ்.எஃப்.பி பட்டம் குடுத்தேன். அவளுக்கு வேலை போச்சு. அன்னைக்கு ராத்திரி நான் சொன்னது: 'உன் டைப்புக்கு ரெண்டு நாள்ல மறந்துடும், விடு.' அவளும் சிரிச்சா. மூணு வாரம் கழிச்சு ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டா. அப்புறம் போன்ல ஒரு நாள் கேட்டா: 'நான் அழுதிருந்தா நீ நம்பியிருப்பியா?' என்னால பதில் சொல்ல முடியல.

அப்போ டைப் எல்லாம் குப்பையான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். ஆளுமையை ஆராயுறவங்க பெரும்பாலும் நம்புறது 'பிக் ஃபைவ்' முறையை. அதுல டப்பா கிடையாது, அளவுகோல்தான், நடுவுலயும் நிக்கலாம். நம்ம நாலு எழுத்து டெஸ்ட்டை சில வாரம் கழிச்சுத் திரும்ப எடுத்தா நிறைய பேருக்கு வேற விடை வருது. ஆனா அது கேட்கிற கேள்விகள் நல்ல கேள்விகள். உனக்கு எங்க தெம்பு கிடைக்குது? எது உன்னை சோர்வாக்குது? இதை எதிர்ல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க. விடையை நீங்களே எழுதாதீங்க.

அந்தத் தோழிகிட்ட போன வாரம் அதைத்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினா. பாதி விஷயம் எனக்குப் புதுசு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. ஆங், அதுக்குள்ள யாராவது என் டைப் என்னன்னு கமெண்ட்ல போட்டீங்க, அவ்வளவுதான்!