வெட்டுற கீ கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்

ஆடாசிட்டியில எடிட்டிங்கை வேகமாக்க என்னென்ன ஷார்ட்கட் மாத்தலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் செட்டப்பைச் சொல்றேன். அப்படியே காப்பி அடிக்காதீங்க, ஏன் இப்படி வச்சிருக்கேன்கிறதை மட்டும் எடுத்துக்கோங்க.

நான் எடிட் பண்றதுல பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு பெரியவங்க பேச்சு. முல்லைப் பெரியாறு தண்ணி, 1895-ல முடிஞ்ச அணை, பென்னிகுயிக் பேரைப் பிள்ளைகளுக்கு வச்ச கதை, திராட்சைத் தோட்டம், போடி ஏலக்காய் ஏலம்னு போகும். எல்லாமே வீட்டுத் திண்ணையிலயோ வரப்புலயோ எடுத்தது. ஆனி, ஆடியில எடுத்தா பேச்சோட சேர்ந்து காத்தும் பேசும். ஆண்டிபட்டி பக்கம் காத்தாடியை எதுக்கு வரிசையா நட்டிருக்காங்கன்னு மைக்குக்கு நல்லாவே தெரியும்!

அதனால முதல் வேலை எப்பவும் ஒண்ணுதான்: ஹை-பாஸ் ஃபில்டர், 80 ஹெர்ட்ஸ். காத்தோட 'கும்'முங்கிற அடி இரைச்சல் பெரும்பாலும் அதுக்குக் கீழதான் கிடக்கு. இதை மேக்ரோ மேனேஜர்ல ஒரு மேக்ரோவா சேமிச்சு, எஃப்-8ல போட்டுட்டேன். ஆடியோவை செலக்ட் பண்ணி ஒரு தட்டு, முடிஞ்சது. ஆனா காத்து மைக்கையே அறைஞ்சு ஒலி உடைஞ்சிருந்தா எந்த ஃபில்டரும் காப்பாத்தாது. அதுக்கு மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் மூடி வாங்குங்க.

கீ மாத்துறது சுலபம். எடிட் மெனு, ப்ரெஃபரன்ஸஸ், அதுல கீபோர்டு ஷார்ட்கட் பகுதி. வேணுங்கிற கட்டளையைத் தேடி, புதுக் கீயை அழுத்தி, செட் குடுங்க. அந்தக் கீ ஏற்கெனவே வேற வேலைக்கு இருந்தா அதுவே கேட்கும். நிதானமாப் படிச்சுட்டு ஓகே குடுங்க, ஏன்னா பழைய வேலைக்கு அந்தக் கீ போயிடும். எல்லாம் முடிஞ்சதும் எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவ்ல வச்சுக்கிட்டா வேற கம்ப்யூட்டர்லயும் இறக்கிக்கலாம்.

எதுக்கு எஃப் வரிசைன்னு கேட்பீங்க. நான் லேபிள்களைத் தமிழ்லயே அடிப்பேன்: 'காத்து', 'பஸ் ஹாரன்', 'திரும்பச் சொல்றார்'. கீபோர்டு தமிழ்99ல இருந்தாலும் இங்கிலீஷ்ல இருந்தாலும் எஃப்-7 எஃப்-7தான். சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்தணும், அவ்வளவுதான்.

அந்த எஃப்-7தான் எனக்கு ராஜா. ஓடிக்கிட்டிருக்கிற இடத்துலயே லேபிள் போடுற கட்டளை அது, வழக்கமா கன்ட்ரோல் எம். நிறுத்தாம முழுசா ஒரு தடவை கேட்டுக்கிட்டே, சந்தேகமான இடத்துல எல்லாம் ஒரு தட்டு. வெட்டுறது ரெண்டாவது சுத்துலதான்.

இங்கதான் நான் மத்த எடிட்டர்கள்கிட்ட இருந்து விலகிப் போறேன். நிறைய பேர் டிலீட்டையோ, மௌனத்தைச் சுருக்குற ட்ரன்கேட் சைலன்ஸையோ கைக்கு ரொம்பப் பக்கத்துல வைப்பாங்க. நான் ட்ரன்கேட் சைலன்ஸுக்குக் கீயே குடுக்கலை. அந்த எஃபெக்ட்டுக்கு டெசிபலும் நொடியும்தான் தெரியும். அணைக்கட்டு வேலையில செத்தவங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்த ஒருத்தர் நாலு நொடி நிறுத்தினா, அது அவருக்கு வார்த்தை தேடுற நேரம் கிடையாது. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெனுவுக்குள்ள போய் ரெண்டு க்ளிக் பண்ண வேண்டியிருந்தா, அந்த நேரத்துல நீங்க இன்னொரு தடவை கேட்பீங்க. டேப் காலத்துல ரேடியோக்காரங்க பிளேடால வெட்டி ஒட்டினாங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கை ஒரு தரம் யோசிச்சது. கோடை பண்பலை கேட்டு வளர்ந்த எங்க ஊர்க்காரங்களுக்கு அந்த நிதானம் பழக்கம்.

டூல்பார் விஷயம் சின்னதுதான். வ்யூ மெனுவுல டூல்பார்ஸ் போய் தேவையில்லாததை எடுத்துடுங்க. எனக்குப் பிளே பட்டன்கள், மீட்டர், கீழ செலக்‌ஷன் நேரம், இது போதும். 14 இன்ச் லேப்டாப்ல அலைவடிவத்துக்கு இடம் கிடைக்கும். ரொம்பக் கலைச்சுட்டா அதே மெனுவுல ரீசெட் இருக்கு.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. ஒரு எபிசோடை எடிட் பண்ணும்போது பக்கத்துல ஒரு பேப்பர் வச்சு, எந்த மெனுவை எத்தனை தடவை திறந்தீங்கன்னு கோடு போடுங்க. அதிகக் கோடு விழுந்த மூணு வேலைக்கு மட்டும் கீ குடுத்துட்டு, என்ன மாத்தினீங்கன்னு வாய்ஸ் நோட்டுல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல அதைக் கேட்கலாம்.