கப்பலிலிருந்து விலக்கப்பட்டவர்
(ஜூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1884 ஏப்ரலில், சென்னைத் துறைமுகத்தில், 26 வயதுப் போலந்து வாலிபர் ஒருவர் கப்பல் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். கப்பல் தலைவரோடு மனத்தாங்கல். சான்றிதழில் நன்னடத்தைக்குரிய இடத்தில் எதுவும் எழுதத் தலைவர் மறுத்துவிட்டார். கடலோடிக்கு இது பிழைப்பையே கெடுக்கும் காரியம்!

வாலிபர் இரயிலேறிப் பம்பாய் சென்று 'நார்சிசஸ்' என்னும் கப்பலில் சேர்ந்தார். அவரே ஜோசப் கான்ராட். கத்தோலிக்கக் குடும்பத்தவர், 11 வயதிலேயே தாய் தந்தையற்றவர். 1886இல் கப்பல் தலைவர் தேர்வில் தேறினார். 1895இல் முதல் நாவல். அதுவும் ஆங்கிலத்தில்! இருபது வயதையொட்டிக் கற்கத் தொடங்கிய மூன்றாம் மொழி அது. ஆங்கிலப் பாடத்தில் தவறிவிட்டுத் திண்ணையில் முடங்கிக் கிடக்கும் நம் உத்திரமேரூர்ப் பிள்ளைகள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

பம்பாயில் அவர் ஏறிய அந்தக் கப்பலின் பெயர், 1897இல் அவருடைய நாவல் ஒன்றின் தலைப்பிலேயே இடம்பெற்றது.