உயிர் வருத்தா ஒப்பனை

இரயில்வே எழுத்தனாகிய நான் ஒப்பனை பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் என் வீட்டிலேயே உள்ளது. தோழியர் நகைப்பரென்று என் மகள் சீயக்காயை ஒதுக்கி, விலையுயர்ந்த ஷாம்பு ஒன்றை வாங்கினாள். ஒரே திங்களில் தலை அரித்தது; என் சம்பளமும் கரைந்தது.

நம் வாளையாரோ இரு மாநில எல்லை. கிழக்கே கொங்குத் தாய்மார் உசிலை இலைப் பொடியாகிய அரப்பைத் தேய்க்கின்றனர். மேற்கே மலையாளச் சகோதரியர் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுக்கின்றனர். சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளே நுரைத்து அழுக்கை அகற்றுகிறது.

நம் இரயில்வேயிலும் சான்று உண்டு. சென்னையில் இரயில்வே மருத்துவராயிருந்த வி. பி. சித்தன், தொழிலாளரின் தோல்நோய் கண்டு இரங்கி, 1969-இல் தம் வீட்டிலேயே மூலிகைச் சோப்பு செய்தார். அதுவே மெடிமிக்ஸ்.

ஒப்பனைப் பொருளை முயலின் கண்ணிலிட்டுச் சோதிக்கும் கொடுமைகளை இந்திய அரசு 2014-இல் தடை செய்தது. ஆயினும் சில சோப்புகளில் விலங்குக் கொழுப்பு சேர்வதுண்டு. உறையில் 'டாலோ' என்றிருந்தால் அதுவே அது. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இயற்கைப் பொருளும் சிலருக்கு ஒவ்வாது. முதலில் முன்கையில் சிறிது பூசிப் பாருங்கள். சீயக்காய் கண்ணில் படலாகாது.

இன்று என் மகள் அண்டை வீட்டு மலையாள அம்மையாரிடம் தாளி எடுக்கக் கற்கிறாள்; அவர் மகளோ என் மனைவியிடம் அரப்பு கேட்டு வருகிறாள். செலவும் குறைந்தது, உறவும் வளர்ந்தது.