வைத்தியக் காப்பீடு பிச்சையா? பாத்தியதையா?

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அலங்காரமாகப் பேசுவதற்கு உரியதல்ல. கார்டைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஆனபோதிலும், உங்களில் பலருடைய வீட்டில் அரிசிப் பானைக்குள்ளோ, டிரங்குப் பெட்டியிலோ, சுவாமி படத்துக்குப் பின்னாலோ செருகி வைக்கப்பட்டிருக்கும் ஒரு கார்டைப் பற்றிய பேச்சாகையால், சற்றுப் பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.

நமது தமிழ்நாட்டில் சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸ் 2009ஆம் வருஷம் ஜூலை மாதம் கலைஞர் பெயரால் ஆரம்பிக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு நான்கு வருஷத்திற்குமாகச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைய ஏற்பாடு. பிறகு ஆட்சி மாறிற்று. 2012 ஜனவரி 11ந் தேதி முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று ஆயிற்று. 2018இல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து இதனோடு இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு வருஷம் ஒன்றுக்கு ஐந்து லட்சம் வரை என்று தொகை உயர்ந்தது. 2022 ஜனவரியில் மறுபடியும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, கார்டின் பெயரும் மாறிற்று; ஆனால் இதை எடுத்துவிட எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. ஏனெனில் இருதய ஆப்பரேஷனுக்கும், புற்றுநோய்க்கும், சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு வாரந்தோறும் இரத்தம் சுத்தி செய்வதற்கும், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கருவி பொருத்துவதற்கும் இதனால் வழி பிறந்திருக்கிறது. இந்த நன்மையை மறுப்பவர் யாராயிருந்தாலும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு இராத்திரியாவது உட்கார்ந்து பார்க்காதவரே ஆவார்.

நிற்க, இதைப் பற்றி ஜனங்கள் எப்படிப் பேசிக்கொள்ளுகிறார்கள்? "அவர் கொடுத்தார், இவர் கொடுத்தார்" என்கிறார்கள். கார்டை வாங்கும்போது கும்பிட்டு வாங்குகிறார்கள். யார் கொடுத்தார்கள் என்று நாம் கேட்கிறோம். நீங்கள் வாங்கும் சோப்புக்கு வரி கொடுக்கிறீர்கள், செருப்புக்குக் கொடுக்கிறீர்கள், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலுக்குக் கொடுக்கிறீர்கள். சாராயக் கடையில் உங்கள் புருஷன்மார் கொண்டுபோய்க் கொட்டுகிற பணத்தில் பெரும்பங்கு சர்க்கார் கஜானாவுக்கே போகிறது என்பதைத் தாய்மார்கள் நம்மைவிட நன்றாய் அறிவார்கள். அந்தக் கஜானாவிலிருந்துதான் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு இவ்வளவென்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டப்படுகிறது. ஆகவே இது உங்கள் பணம், உங்கள் பெயரால் வேறொருவர் கை வழியாய்க் கட்டப்படுகிறது என்பதே உண்மை. தன் பணத்தைத் தான் வாங்கிக்கொள்ளுகிறவன் ஏன் முதுகை வளைக்க வேண்டும்?

இந்தத் திட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு நடக்கிறது. ஆஸ்பத்திரிகளை அதிகமாய்ச் சேர்க்கிறோம், சிகிச்சைகளைச் சேர்க்கிறோம் என்கிறார்கள். செய்யட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தி, நுழைவாசலிலேயே நிற்கும் ஒரு கோளாற்றைக் கவனிக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். அது வருமான வரம்பு.

2012இல் குடும்பத்தின் வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்று வைத்தார்கள். 2022இல் அதை 1,20,000 ஆக்கினார்கள். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். மாதத்துக்குப் பத்தாயிரம்! இப்பொழுது ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொத்தனாருக்குச் சித்தாளாய்ப் போகிற ஒருவர் நாளைக்கு 500 ரூபாய் வீதம் மாதம் இருபது நாள் வேலை செய்தால் பத்தாயிரம் ஆகிவிட்டது. அவர் மனைவி களையெடுக்கவோ, பாத்திரம் தேய்க்கவோ நாளைக்கு 300 ரூபாய்க்குப் பதினைந்து நாள் போனால் 4,500. இரண்டும் சேர்ந்து மாதம் 14,500, வருஷத்துக்கு 1,74,000. வரம்புக்கு மேலே 54,000 ரூபாய் போய்விட்டது! அதாவது இந்தப் புருஷனும் பெண்ஜாதியும் சட்டப்படி வசதியுள்ளவர்கள். இவர்கள் வீட்டு மாடியில் கார் நிற்கிறதா? இவர்கள் பிள்ளை சீமைக்குப் படிக்கப் போயிருக்கிறானா? ஓட்டு வீட்டுக்கு வாடகை கட்டிவிட்டு, பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துவிட்டு, குழுக்கடன் தவணையும் கட்டுகிறார்கள். அந்த மனுஷனுக்கு நெஞ்சுவலி வந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கில் கேட்பார்களே, அதை 54,000 ரூபாய் அதிகம் சம்பாதித்த குற்றத்துக்காக இவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டுமா?

வாஸ்தவத்தில் என்ன நடக்கிறது? யாரும் கட்டுவதில்லை; பொய் சொல்லுகிறார்கள். வருமான சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போடும்போது வரம்புக்குக் கீழே ஒரு தொகையை எழுதுகிறார்கள். எழுதுகிறவனுக்கும் பொய் என்று தெரியும், விசாரிக்கிற உத்தியோகஸ்தருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். பொய்க்குத் துணை போகும் இடத்தில் கையூட்டும் துணைக்கு வருவது ஆச்சரியமல்ல. யோக்கியமாய் உள்ளதைச் சொல்லுகிறவனுக்குக் கார்டு இல்லை, துணிந்து பொய் சொல்லுகிறவனுக்குக் கார்டு உண்டு என்றால், சர்க்காரே ஜனங்களுக்குப் பொய் சொல்லப் பள்ளிக்கூடம் வைத்து நடத்துகிறது என்றுதானே அர்த்தம்? உழைத்துச் சாப்பிடுகிற ஒரு மனிதனை, "நான் ஏழை, நான் இல்லாதவன்" என்று வருஷக்கணக்கில் சத்தியம் பண்ண வைப்பது அவனுடைய மானத்தைத் தொடுகிற காரியம் என்பதை மந்திரிகள் யோசித்தார்களா என்று தெரியவில்லை.

வரம்பில்லாமல் எப்படி நடக்கும் என்று சிலர் கேட்கக்கூடும். இதே சர்க்கார்தான் நடத்திக் காட்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 18ந் தேதி மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம்" என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராயிருந்தாலும் முதல் 48 மணி நேரத்து வைத்தியம் இலவசம் என்பது ஏற்பாடு. முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரையில் என்று இருந்தது, பின்னர் இரண்டு லட்சமாக்கப்பட்டது. அங்கே வருமானம் கேட்பதில்லை, கார்டு உண்டா என்று கேட்பதில்லை, வேறு மாநிலத்தானா வெளிநாட்டானா என்றுகூடக் கேட்பதில்லை. அன்றியும் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இந்தக் காப்பீட்டிலேயே வருமான வரம்பு வைக்கவில்லை. இரண்டும் நல்ல காரியம்; மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நாம் கேட்பதெல்லாம், லாரி மோதினால் மனுஷனைக் காப்பாற்றலாம், இருதயத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் முதலில் தாசில்தாரைப் பார்த்துவிட்டு வா என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

பணம் எங்கிருந்து வரும் என்பது மாத்திரம் யோக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஓடக்கூடாது. வரம்புக்கு மேற்பட்டவர்களை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, அவர்களிடம் சக்திக்குத் தக்கபடி சிறு சந்தா வாங்கலாம். தொழிலாளர் ஈட்டுறுதியாகிய இ.எஸ்.ஐ.யில் அதுதான் நடக்கிறது. 1948இல் செய்த சட்டம். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் கட்டுகிறார்கள். அங்கே போகிற தொழிலாளியை யாரும் தருமத்துக்கு வந்தவன் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் 1883லேயே தொழிலாளிகளின் நோய்க் காப்பீட்டுக்குச் சட்டம் போட்டார்கள். தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். நிர்வாக சபையிலும் அந்த விகிதத்திலேயே இடம் கொடுத்தார்கள். பணம் கட்டுகிறவன் நிர்வாகத்தில் உட்கார வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சக்கரவர்த்தி ஆட்சிக்கே தெரிந்திருந்தது! நம் நாட்டிலும் 1946இல் போர் கமிட்டியார், நமது லட்சுமணசாமி முதலியாரும் அங்கத்தினராயிருந்த அந்தக் கமிட்டியார், பணம் கொடுக்க இயலாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் தவறக்கூடாது என்று அறிக்கை எழுதிவைத்துப் போனார்கள். அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

இனி, கார்டு உள்ளவர்கள் படும் பாடு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயம் ஆகியிருக்கிறது. படுக்கை, சாப்பாடு, மருந்து, டாக்டர் கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியிருக்க, "கார்டில் இவ்வளவுதான் கிடைக்கும், மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்று கேட்கிற இடங்கள் இல்லாமலில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தோழர் தம் தகப்பனாரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில், கார்டை வாங்கி வைத்துக்கொண்டே, பரிசோதனைக்கென்று தனியாகவும் மருந்துக்கென்று தனியாகவும் ரசீது இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அவர் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. கேட்டால், "நம் தலையெழுத்து" என்கிறார். தலையில் எழுதியவர் யார் என்று நாம் கேட்கவில்லை. ரசீது எழுதாதவர் யார் என்று கேட்கச் சொல்லுகிறோம். வைத்தியம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் காப்பீட்டு விஷயத்தைக் கவனிப்பதற்கென்று ஒரு அலுவலர் உட்கார்ந்திருப்பார். அட்மிஷனுக்கு முன்பே அவரைப் பார்த்து, இந்தச் சிகிச்சை திட்டத்தில் உண்டா, அனுமதி வந்துவிட்டதா, நாம் கட்ட வேண்டியது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்றவுடன் பாதிப்பேர் கையை இழுத்துக்கொள்ளுவார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் தனியார் கம்பெனி. 2012க்குப் பிறகு பொதுத்துறைக் கம்பெனி. பொதுத்துறை என்பது ஒரு மேன்மைதான். ஆனாலும் கம்பெனி என்றால் கொடுக்கிற பணம் குறைந்தால் மிச்சம் என்ற கணக்கு அதற்குள் இருக்கும். பக்கத்துக் கர்நாடகத்தில் இதற்கென்று சர்க்காரே டிரஸ்ட் வைத்து, கம்பெனியின் தயவில்லாமல் ஆஸ்பத்திரிகளுக்கு நேரே பணம் பட்டுவாடா செய்கிறார்கள். நம்மவர்களும் அதை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் பணத்தைத் தாராளமாய் விட்டால் வேறொரு ஆபத்தும் உண்டு. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய இடங்களில் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகவே ஏழைப் பெண்களுக்கு அவசியமில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. இதைத் தடுக்கும் விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல் நடத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெண்ணின் உடம்பை அவளைக் கேட்காமல் அறுத்துவிட்டு அதற்குச் சர்க்கார் பணத்தை வாங்குவதென்றால் இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? ஆகையால் டாக்டர் ஒருவர் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் தலையாட்டிவிடாதீர்கள். மாமியார் சொன்னாள், புருஷன் சொன்னான் என்றும் சம்மதிக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரைக் கேட்டுவிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் எப்படியும் இலவசந்தானே, அங்கே எதற்குக் கார்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கே கார்டைக் காட்டினால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. கருவிகள் வாங்கவும், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கவும் உதவுகிறது. கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணத்தை நீங்களே தடுத்ததாக ஆகும்.

சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் தின்கிற மாத்திரைக்கு இந்தக் கார்டு உதவாது. அதற்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியும், 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவமும் உண்டு. மாத்திரையை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் கார்டுக்கு வேலை குறையும்.

முறையிட வேண்டியவர்கள் 1800 425 3993 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். மனுவில் "கருணை கூர்ந்து" என்று எழுத வேண்டாம். தேதி, ஆஸ்பத்திரி, சிகிச்சை, வாங்கிய தொகை ஆகிய நான்கும் இருந்தால் போதும். கார்டு இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமான சர்டிபிகேட் இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து சொல்லுங்கள். இங்குள்ள வாலிபத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.