கடலுக்கு நட்சத்திர அந்தஸ்து கிடையாது!

(தலைப்பு: ‘சுற்றுலாவில் இன்பம் தருவது பணமே! மனமே!’ — ‘மனமே’ அணியில் பேசியது)

நகைச்சுவையாலே எங்களைச் சிரிக்க வைத்து, தீர்ப்பாலே எங்களைச் சிந்திக்க வைக்கப்போகிற நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் வயிற்றிலே புளியைக் கரைத்துவிட்டுப் போன எதிரணி அக்கா அவர்களே! 

அக்கா ஒரு போடு போட்டாங்க. “கையிலே காசில்லாதவன் மாலத்தீவுக்குப் போறது, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு சாம்பார் வாசனை பிடிக்கிற மாதிரி”ன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) ஆனா அக்கா, நாங்க வாசல்ல நிக்கலை. கொல்லைப்புறமா நேரே சமையல்கட்டுக்கே போயிட்டோம்! எப்படின்னு சொல்றேன்.

மாலத்தீவுன்னா ஏதோ ஒரு தீவு இல்லீங்க. சுமார் 1,200 குட்டித் தீவுகள். அதிலே மக்கள் குடியிருப்பது ஏறக்குறைய 200 தீவுகளிலேதான். 1972-லே அங்கே சுற்றுலா ஆரம்பிச்சுது. ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்று ஏற்பாடு. ஊர்க்காரர்கள் ஒரு தீவிலே, விருந்தாளிகள் வேறொரு தீவிலே. தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கிற அந்தக் குடில் இருக்கே, அதிலே ஒரு ராத்திரி படுக்கப் பல நூறு டாலர். சில இடங்களிலே ஆயிரத்தையும் தாண்டும். அவ்வளவு கொடுத்துப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமா ஐயா? விடிய விடியக் கணக்குத்தான் போட்டுக்கிட்டிருப்பேன்! (சிரிப்பு)

2009-க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலேயும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. அதுவரை ரிசார்ட்டுக்குப் போய் வெள்ளைக்காரர் பெட்டியைத் தூக்கின மனுஷன், தன் சொந்த ஊரிலே நாலு அறை கட்டி, தானே முதலாளியாகி, “வாங்க”ன்னு விருந்தாளியைக் கூப்பிடுகிறான். நடுவர் அவர்களே, இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் சின்னக் காசு ஒரு சின்னக் குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கிறது. (கைதட்டல்)

சரி, போறது எப்படி? விமான நிலையமே தனித்தீவு. அங்கிருந்து தலைநகர் மாலேவுக்கு 2018-லேயே பாலம் போட்டாச்சு. எதிரணி அக்கா கடல் விமானத்திலே பறப்பாங்க. ஆளுக்குச் சில நூறு டாலர். நாம மாலேயிலே பொதுப் படகு ஏறினா, ஒன்றரை மணி நேரத்திலே மாஃபுஷி தீவு. கட்டணம் சில டாலர்தான். பக்கத்து சீட்டிலே காய்கறி மூட்டையோட ஒரு பாட்டி, பள்ளிக்கூடப் பையோட ஒரு பொண்ணு. அவங்க படகுக்கு என்ன பேர் தெரியுமா? தோணி! நம்ம தூத்துக்குடித் தோணிதான். காசு கொடுத்துப் பறந்தவங்களுக்கு இந்த வார்த்தை காதிலே விழுந்திருக்குமா?

இன்னொரு கணக்கு. 2025 ஜனவரி முதல் அங்கே பசுமை வரி ரிசார்ட்டிலே ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். ஊர்த்தீவிலே உள்ள சின்ன விருந்தினர் இல்லத்திலே 6 டாலர். நாலு பேர், நாலு ராத்திரி: அங்கே 192 டாலர், இங்கே 96. வரியிலேயே பாதி மிச்சம்! மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழையைப் பொறுத்துக்கிட்டா வாடகையும் குறையும். நமக்கு மழை புதுசா என்ன?

காலையிலே ‘மாஸ் ஹுனி’ன்னு ஒரு பலகாரம். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைஞ்சு, ரொட்டியோட கொடுக்கிறாங்க. ரொட்டிக்கு அவங்க சொல்ற பேரு ‘ரோஷி’. ரோஷத்தோட சாப்பிட்டேன்! (சிரிப்பு)

அதுக்காக எல்லாமே கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஊர்த்தீவிலே மது கிடையாது. (தாய்மார்கள் பலத்த கைதட்டல்) பார்த்தீங்களா ஐயா, தீர்ப்பு வந்தாச்சு! வெள்ளிக்கிழமை பொதுப் படகு பெரும்பாலும் ஓடாது. அதைப் பார்க்காம டிக்கெட் எடுத்தா மாலேயிலேயே உட்கார வேண்டியதுதான். அது இஸ்லாமிய நாடு. நீச்சல் உடையோட குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்காங்க. தெருவிலே நடக்கும்போது அடக்கமா உடுத்தணும். அடுத்தவர் வீட்டுக்குப் போனா செருப்பைக் கழற்றுகிற பழக்கம் நமக்குத் தெரியாதா?

இப்போ நான் விளையாட்டை விட்டுட்டுப் பேசுறேன். கடன் வாங்கித் தேனிலவு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா. அஞ்சு நாள் படம் பிடிக்கிறார்கள். அப்புறம் மாதா மாதம் தவணை. வாங்கின கடனுக்கு வட்டி கட்டும்போது ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்கிறார்கள். “உனக்காகத்தானே போனோம்!” “நானா கேட்டேன்?” அந்த நீலக் கடல் நடுவீட்டிலே உப்பாய்க் கரிக்கிறது. எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கோபம் வரவில்லை. பாவமாக இருக்கிறது. ‘பணம் இருந்தால்தான் இன்பம்’ என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? எதிரணி பேசுகிற இந்தத் தலைப்புத்தானே! (பலத்த கைதட்டல்)

முகத்திலே கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழலைக் கவ்விக்கிட்டுத் தண்ணிக்குள்ளே தலையை விட்டா, மஞ்சள் மீனும் நீல மீனும் ஆமையும் வரும். அந்த ஆமை, “நீ ரிசார்ட்டா, விருந்தினர் இல்லமா?”ன்னு கேட்டுட்டா நீந்துது? (சிரிப்பு) அந்தத் தீவுகளிலே இயற்கையான மிக உயரமான இடமே சுமார் இரண்டரை மீட்டர்தான். கடல் மட்டம் உயர உயர, முதல்லே அஞ்ச வேண்டியவர்கள் அந்த மக்கள். அவர்களோடு ஒரு படகிலே உட்கார்ந்து, ஒரு தட்டிலே சாப்பிட்டு வந்தவனுக்கு அந்தக் கவலை தன் கவலையாகும். கண்ணாடித் தரை போட்ட குடிலிலிருந்து மீனை மட்டும் பார்த்தவனுக்கு, பாவம், மீன் மட்டும்தான் தெரியும்.

ஆகவே நடுவர் அவர்களே! பணம் அறைக்குச் சாவி கொடுக்கும். ஊருக்குள்ளே கூட்டிப் போகாது. ஊருக்குள்ளே கூட்டிப் போவது மனம். இருக்கிற காசுக்குள்ளே, கடன் இல்லாமல், குழந்தை குட்டிகளோடு உலகத்தைப் பார்க்கத் துணிகிற ஒவ்வொரு நடுத்தரக் குடும்பத்தின் பக்கமும் நின்று, இன்பம் தருவது மனமே, மனமே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.